சும்மாதானுங்க கெடக்குது

துணி காயவைக்கும் மெஷினில் யாரோ விட்டுவிட்டுப் போன பதினொரு நிமிடத்தைப் பார்த்துக் கைதட்டிச் சந்தோஷப்பட்ட ஒருவரை என் ஆயுளில் ஒரே தடவைதான் பார்த்தேன்.

இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்ட்டில் துணி துவைக்கிற அறை எல்லாருக்கும் பொது. காசு போட்டால்தான் மெஷின் ஓடும். சில பேர் துணி காய்ந்துவிட்டதென்று நேரம் முடியும் முன்பே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்ச நிமிடம் சிவப்பு எழுத்தில் எரிந்துகொண்டிருக்கும். அன்றைக்கு உள்ளே இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் ஈரத்துணிக் கூடையோடு சுவர் ஓரமாக நின்றேன். நைட்டிக்கு மேல் மகனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு குள்ளமான அம்மா உள்ளே வந்தார். வரிசையாக மெஷின்களைப் பார்த்தார். கையைத் தட்டினார்.

"ஏனுங்க்கா, தமிழுங்களா? முழிச்சுட்டு நிக்கறீங்களே, போடுங்க துணியை இதுல. பதினோரு நிமிசம் சும்மாதானுங்க கெடக்குது."

"அது அவங்க காசு போட்டதுல்லா?"

"அவங்கதான் போயிட்டாங்களே. இப்ப அது யாரோட நிமிசமுங்க?"

நான் கூடையை அதற்குள் கவிழ்த்தேன். என் மகளுடைய துண்டுகளும் அவர் மகனுடைய சட்டைகளும் ஒரே மெஷினில் சுற்றின. அப்படித்தான் பழக்கம்.

அவர் பவானிப் பக்கம். எங்கள் எதிர் வாசலில் மகனோடும் மருமகளோடும் இருந்தார். மருமகளுக்கு இது முதல் பிரசவம், அதற்காக வந்திருந்தார். நான் அம்பாசமுத்திரம். வீட்டுக்காரர் போன பிறகு மகள் கவிதா என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவளும் மருமகனும் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவார்கள். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். அவரும் அதே ஐந்தாவது. "ரெண்டு அஞ்சு சேந்தா பத்துங்க்கா. நாம ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா எஸ்எஸ்எல்சி" என்று சொல்லித்தான் என்னைக் கடைக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் இழுத்துக்கொண்டு போவார்.

ரயில் ஸ்டேஷன் போகிற வழியில் பீக்கன் மரங்கள் நின்றன. குளிர் தொடங்கும்போது அக்ரூட் மாதிரியான அந்தக் கொட்டைகள் நடைபாதை முழுக்கக் கொட்டிக்கிடக்கும். எல்லாரும் மிதித்துக்கொண்டு போவார்கள். இவர் மிதிக்க மாட்டார். புடவை கட்டிய அன்றைக்கு மடியிலும், சுடிதார் போட்ட அன்றைக்கு ஷாலிலும் அள்ளுவார். ஒரு நாள் காவல்காரர் ஒருவர் கிட்டே வந்து என்னமோ கேட்டார். எனக்கு உயிரே போயிற்று. இவர் ஒரு கைப்பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "தின்னுங்க கண்ணு, நல்லா இருக்கும்" என்று தமிழிலேயே சொன்னார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே உடைத்துத் தின்றார். அந்தக் கொட்டையில் வெல்லம் காய்ச்சி ஊற்றி இவர் உருண்டை பிடித்துக் கொடுத்ததை என் மருமகன் ஆபீஸுக்கே எடுத்துக்கொண்டு போனார்.

எது சும்மா கிடந்தாலும் அவருக்குத் தாங்காது. ஹோட்டலில் மேஜைமேல் கிடக்கும் சர்க்கரைப் பொட்டலம், காலிசெய்து போனவர்கள் பால்கனியில் விட்ட செடி, கோயில் சமையல்கட்டில் மிஞ்சிய கறிவேப்பிலைக் காம்பு, எல்லாம் அவர் பைக்குள் போகும். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரே ஒரு தடவைதான் சிரிக்க முடியவில்லை. மாடியில் ஒரு வீட்டு வாசலில் பார்சல் பெட்டி ஒன்று நாலு நாளாகக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பேச்சு. ஐந்தாவது நாள் அந்தப் பெட்டி இவர் வீட்டில் இருந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு ஜோடிக் குழந்தை ஷூ.

"எப்படியும் குப்பைக்காரன் கொண்டுபோறதுதானுங்க. என்ற பேத்தி போட்டுக்கட்டும்" என்றார். பேத்தி அப்போது மருமகள் வயிற்றில் ஐந்து மாதம்.

எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை விட்டு மறு வெள்ளிக்கிழமை சுத்தம் செய்ய ஒரு ஸ்பானிஷ் பெண் வருவாள். பெயர் எல்வா. இவர் அதை அல்வா ஆக்கிவிட்டார். "பாருங்க, திருநெல்வேலிக்காரங்க ஊட்டுக்கு அல்வாவே வந்து கூட்டிப் பெருக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எல்வாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசுவார்கள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்பதும், இடது முழங்காலில் வலி என்பதும், சொந்தத்தில் வாக்குவம் கிளீனர் வாங்கியது போன வருடம் என்பதும் எனக்கு இவர் சொல்லித்தான் தெரியும். எல்வா எல்லாவற்றையும் மடித்து வைப்பாள். துண்டை மடிப்பாள், பாத்ரூம் டிஷ்யூவின் நுனியைக்கூட முக்கோணமாக மடித்துவிட்டுப் போவாள். இவர் அதைப் பார்த்துவிட்டு, "பொடவை கட்டிவிட்டா நல்லாக் கொசுவம் வைப்பாளுங்க" என்றார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் படம் பார்ப்போம். தமிழ்ப் படமெல்லாம் பார்த்துத் தீர்ந்துபோய், ரிமோட்டில் எதையோ அழுத்தியதில் ஒரு கொரியாப் படம் வந்துவிட்டது. மாற்றத் தெரியவில்லை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது, அதை இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. இவர் கதை சொல்ல ஆரம்பித்தார்.

துறைமுகத்தில் ஒரு மீன்கடை. கடைக்காரக் கிழவி பணத்தைக் கட்டுக்கட்டாகச் சுற்றி ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். அந்தக் கடையில் மீன் வெட்டுகிற ஒரு பெண் அதைப் பார்த்துவிடுகிறாள். அவளைத் தேடி ஒரு ஆள் வருவான். முகமெல்லாம் அடிபட்டிருக்கும். அவள் அவனை "ஓப்பா, ஓப்பா" என்று கூப்பிட்டு அழுவாள்.

"கேட்டீங்களாக்கா! அப்பாங்கறா! நம்ம பாசைதான் பேசறாங்க."

"அப்பனா? சின்ன வயசா இருக்கானே."

"அங்கெல்லாம் அப்பிடித்தானுங்க, வயசே தெரியாது. பாவம், கடங்காரன் அடிச்சுப்போட்டிருக்கான். அப்பனைக் காப்பாத்தோணும்னுதான் இவ அந்த ஜாடியில கைய வைக்கப்போறா."

அவள் ஜாடியில் கைவைத்தாள். கிழவி செத்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரனும் ஜாடிக்கு ஆசைப்பட்டுச் செத்தான். ஜாடி கை மாறிக்கொண்டே போயிற்று. வாங்கினவரெல்லாம் விழுந்துகொண்டே போனார்கள். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. இவர் மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டே வந்தார். போலீஸ்காரனுக்குப் பெண்டாட்டி சீக்காளி என்றார். வண்டியோட்டிக்கு வீட்டுவாடகை பாக்கி என்றார். படத்தில் அப்படி ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடைசிப் பகுதி ஓடும்போது கவிதா தலைவலி என்று சீக்கிரமே வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணும் அந்த ஆளும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர், "அய்யய்யோ, பெத்த புள்ளயப் போயி!" என்று கத்தினார்.

கவிதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஆன்ட்டி, அது அப்பா இல்ல. ஓப்பா. அண்ணான்னு அர்த்தம். லவ்வரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க ரெண்டு பேரும் பிளான் பண்ணித்தான் அந்தப் பாட்டியை மர்டர் பண்றாங்க. கீழே சப்டைட்டில்ல எல்லாம் போடறானே."

இவர் சிரிக்கவில்லை.

"அப்பான்னே வெச்சுக்குவோம் கண்ணு" என்றார். "அப்பத்தான் அவ எடுத்ததுக்கு ஒரு நாயம் இருக்குது. இல்லீன்னா வெறும் ஆசையாப் போயிருமே."

ஏப்ரல் மாதம் அவர் மகனுக்கு வேலை போயிற்று. கூடவே நிறைய பேருக்குப் போயிற்று என்றார்கள். கிரீன் கார்டு இருந்ததால் ஊரைவிட்டுப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வேலையோடு சேர்ந்த இன்சூரன்ஸும் போகும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே புதிய சங்கதி.

"அதே டாக்டரம்மா, அதே ஆஸ்பத்திரி வேணும்னா மாசாமாசம் நாமளே பணம் கட்டோணுமாமா. பையன் சொல்ற தொகையக் கேட்டா எனக்கு நெஞ்சடைக்குது. கட்டலீன்னா மருமவள எங்கீங்க கொண்டுபோய்ச் சேக்கறது?"

மருமகளுக்கு மாசமானதிலிருந்தே சர்க்கரை இருந்தது. அந்த டாக்டர்தான் முதலிலிருந்து பார்த்தவர். ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு மாதம் இன்சூரன்ஸ் அறுந்துபோகாமல் கட்டவேண்டும். அவருக்கு அப்புறம் வேறு நினைப்பே இல்லை.

முதல் மாதத்துக்கு அவருடைய வளையல் போயிற்று. கம்மலும் போயிற்று. காதில் ஈர்க்குச்சி சொருகிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். முறுக்கு சுட்டு விற்றார். எண்ணெய்ப் புகை அலாரத்தைக் கிளப்பி அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்ததும் அதுவும் நின்றது. மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க இண்டர்வியூ பேசுவான் என்பதால் பாத்திரம் உருட்டக்கூடப் பயந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் கொரியாப் படத்தைத்தான் போடச் சொல்லுவார். முழுப்படம் வேண்டாம். அந்தப் பெண் ஜாடியின் மூடியைத் திறந்து, முழங்கைவரை ஊறுகாய்க்குள் விடுகிற இடம் மட்டும். அது முடிந்ததும், "இன்னொருக்காப் போடுங்க்கா" என்பார். பார்க்கும்போது அவருடைய கையும் மடியில் லேசாக அசையும்.

எங்கள் வீட்டு சாமி அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஓட்ஸ் டப்பா இருந்தது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்ட மாதத்திலிருந்து கவிதா திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மாதம் ஒரு நோட்டு அதில் போட்டுவந்தாள். மஞ்சள் துணியில் முடிந்து, ஒரு விரலி மஞ்சளும் சேர்த்து வைத்திருந்தாள். பன்னிரண்டு வருடமாகிவிட்டது. கார்டு வந்தால் நேரே செந்தூருக்குக் கொண்டுபோய் உண்டியலில் சேர்க்கவேண்டும். எத்தனை டாலர் நோட்டு என்று நான் கேட்டதில்லை. அந்த டப்பாவைப் பற்றி இவரிடம் சொன்னது நான்தான். பீக்கன் உருண்டை தின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தபோது எப்போதோ பெருமைக்குச் சொன்னேன்.

மே மாதம் ஒரு மத்தியானம் அவர் டிவி போடச் சொல்லவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அலமாரியைப் பார்த்தார்.

"அக்கா, அந்த டப்பா சும்மாதானுங்க கெடக்குது."

நானும் அலமாரியைப் பார்த்தேன்.

"அது சாமி காசும்மா."

"தெரியுமுங்க. எங்க ஊருல சாமிக்கு முடிஞ்சு வெச்சதுலயிருந்து கைமாத்து எடுப்பாங்க. எடுத்தா வட்டியோட வைக்கோணும், அவ்வளவுதான். உங்க ஊருலயும் உண்டுதானுங்களே?"

உண்டு. என் மாமியாரே எடுத்திருக்கிறார். எடுத்து, ஒரு ரூபாய் கூடச் சேர்த்து வைத்திருக்கிறார்.

"கவிதாகிட்ட நான் கேக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாமுங்க! என்ற பையனுக்குத் தெரிஞ்சா அதுக்கப்புறம் தலை நிமிரமாட்டான். என்ற தம்பி அனுப்பிச்சான்னு சொல்லிக்கறேன். கொழந்தை பொறந்து மூணே மாசம். வட்டியோட முடிஞ்சு வெச்சுப்போடறனுங். நாளைக்குப் பணங்கட்டக் கடைசி நாளுங்க்கா."

சமையல்கட்டுக்குப் போனேன். அவருக்கு மேல்தட்டு எட்டாது. அங்கிருந்த ஸ்டூலை எடுத்துவந்து அலமாரிக்குக் கீழே போட்டேன். போட்டுவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். வெளியே வந்தபோது ஸ்டூல் சமையல்கட்டில் பழைய இடத்திலேயே இருந்தது. அவர் போய்விட்டிருந்தார்.

ஜூனில் குழந்தை பிறந்தது. ஆபரேஷன்தான். பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. அதே டாக்டர், அதே ஆஸ்பத்திரி. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் கிடத்தினார். "உங்க மடியிலதான் மொதல்ல போடறனுங்" என்றார். எனக்கு அப்போது பயமெல்லாம் போய்விட்டிருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்றுகூட இருந்தது. மூன்று மாதம்தானே. அதற்குள் மகனுக்கும் வேலை கிடைத்துவிடும், டப்பாவும் நிறைந்துவிடும்.

ஆகஸ்ட் கடைசியில் மகனுக்கு வேலை கிடைத்தது, நியூ ஜெர்சியில். முதல் சம்பளத்துக்கு இன்னும் ஒரு மாதம். அந்த வாரமே கவிதாவுக்கும் கார்டு வந்தது. பன்னிரண்டு வருடம் வராதது அந்த வாரம் வந்தது.

சனிக்கிழமை காலை. கவிதா குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். இவரும் குழந்தையோடு சந்தோஷம் விசாரிக்க வந்து எங்கள் ஹாலில் நின்றுகொண்டிருந்தார். கவிதா ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்தாள். எடுத்த உடனேயே கையில் கனம் இல்லாதது அவளுக்குத் தெரிந்திருக்கும். மூடியைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் துணி நாலாக மடித்து இருந்தது. அதற்கு மேல் விரலி மஞ்சள்.

"அம்மா, பணம் எங்கம்மா?"

எங்கே என்று நானும் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தேன்.

கவிதா துணியை உதறினாள். மறுபடியும் உதறினாள். பிறகு அந்த மடிப்புத் தடத்தை விரலால் தடவினாள். அவள் முகம் மாறியது.

"மடிச்சு வெச்சிருக்கா பாரு. டிஷ்யூவையே மடிக்கறவ. அவதாம்மா. எல்வாதான். அவளத் தவிர யாரு இங்க வர்றா?"

"அல்வா எடுத்திருக்காது கண்ணு." இவர் ஒரு அடி முன்னால் வந்தார். "அந்தப் புள்ள அப்பிடிப்பட்டவ இல்லீங்க. கண்ணு, நா ஒண்ணு சொல்லோணும்…"

அவர் சொல்லியிருப்பார். வாய் திறந்துவிட்டது. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, நிமிர்ந்து நின்றுவிட்டார். நான் ஸ்டூலைப் பார்த்தேன். கவிதா இன்னும் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். யார் இடம் சொன்னது, யார் ஸ்டூல் போட்டது என்று அடுத்த கேள்வி வரும். மருமகன் உள்ளே ஷேவ் செய்துகொண்டிருந்தார். அவர் காதிலும் விழும். பிறகு இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு ஒரு வாய்ச் சோறு தின்பது?

"பிள்ள அழப்போகுது பாருங்க" என்றேன். "பசிக்கு போல. கொண்டுபோய் அம்மைகிட்ட குடுங்க."

குழந்தை அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கவிதா என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா, அவளாத்தானே இருக்கும்?" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போலீஸுக்கெல்லாம் வேண்டாம் என்று மருமகன் சொல்லிவிட்டார். கவிதா எல்வாவுக்கு இனிமேல் வரவேண்டாம் என்று போனில் செய்தி அனுப்பினாள். ஆங்கிலத்தில் அனுப்பினாளோ என்னவோ, எல்வாவுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்து கதவைத் தட்டினாள். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி தட்டினாள். "செனோரா" என்று அவள் பாஷையில் அம்மா என்கிற மாதிரிக் கூப்பிட்டாள். நான் உள்ளே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். நான் எங்கே போகிறவள்?

எதிர்க் கதவு திறந்தது. இவர் வந்து எல்வாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து எல்வா வெளியே வந்தபோது கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. எங்கள் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் எதை எப்படிச் சொன்னாரோ தெரியாது.

அவள் தலை மறைந்ததும் இவர் எங்கள் கதவைத் தட்டினார். திறந்தேன்.

"எங்கூட்டு வேலைய முடிச்சுட்டுப் போகச் சொன்னனுங்க, காசு வாங்கமாட்டேங்குது. அக்கா, இன்னைக்கு சாயங்காலம் கவிதாக் கண்ணு வந்தா நா சொல்லிப்போடறனுங்க. என்ற பையனுக்குத் தெரிஞ்சாத் தெரியட்டும். உங்க பேர எடுக்கவே மாட்டேன். நானே ஏறி எடுத்தேன்னு சொல்லிக்கறேன்."

"உங்களுக்கு எட்டாதுன்னு அவளுக்குத் தெரியாதா? ஸ்டூல் எங்க கெடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. நான் எங்க போயிருந்தேன்னு கேப்பா. சும்மா இருங்க."

"மூணு புள்ளைங்கக்கா அதுக்கு."

"அவளுக்கு வேற வீடு கிடைக்கும். சும்மா இருங்க."

இவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் என்னைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். படத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னவர், எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பரில் அவர்கள் நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சருக்குக் கிளம்பிப் போனார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது நான் பால்கனியில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த மாதம் கவிதா தன் சம்பளத்திலிருந்தே ஒரு தொகை எடுத்து, மேலே கொஞ்சம் சேர்த்து, அதே மஞ்சள் துணியில் முடிந்து செந்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். முருகனுக்குப் பாக்கி இல்லை. எங்கள் வீட்டுக்கு இப்போது வேறு பெண் வருகிறாள். அவள் டிஷ்யூவை மடிப்பதில்லை.

எல்வாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், நம்பி வீட்டுக்குள் விடவேண்டாம் என்று கவிதா அவளைப் பற்றி எழுதியிருந்தாள் என்றும், அதைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள் என்றும் பின்னால் தெரிந்தது.

டிசம்பரில் ஒரு நாள் மாலை போன் வந்தது. குரலைக் கேட்டதும் புரிந்துவிட்டது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? இங்க ஒரே பனி. பாப்பா குப்புற விழுந்து தவழப் பாக்குது. அக்கா, பணம் முழுசும் சேந்துபோச்சுங்க. நா இங்க ஒரு ஊட்டுல கொழந்தை பாத்துக்கறேன், பையன்கிட்டப் பத்துப் பைசா வாங்கல. வட்டியும் வெச்சிருக்கேன். எப்படி அனுப்பறதுன்னு சொல்லுங்க. உங்க பேருக்கு அனுப்பட்டுங்களா?"

"அனுப்ப வேண்டாம்."

"ஏனுங்க?"

"கவிதா கேப்பா. யாரு அனுப்புனது, எதுக்குன்னு கேப்பா. அது முடிஞ்சுபோச்சு. கோயில்ல சேத்தாச்சு."

"அப்ப அல்வாவுக்காவது குடுத்துப்போடுங்க. நா அனுப்பறேன். அதுகிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க, நாந்தான் எடுத்தேன்னு."

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா."

"கவிதாக் கண்ணு போன்ல நம்பர் இருக்குமுங்களே."

இருந்தது. இப்போதும் இருக்கும். அந்தப் பக்கம் குழந்தை என்னவோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வெகுநேரம் காத்திருந்தார்.

"அப்ப என்னையத் திருடியாவே வெச்சுக்கப் போறீங்களாக்கா?"

வாசலில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. நான் போனை அணைத்து சோபாவில் கவிழ்த்து வைத்தேன். கவிதா செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தாள்.

"யாரும்மா போன்ல?"

"யாருமில்ல" என்றேன்.